பதினோராம் பொருத்தம்

நிறைமதியின் ஜாதகமும் தருணின் ஜாதகமும் பத்துப் பொருத்தத்தில் நாலுக்கு மேல் தேறவில்லை. ரஜ்ஜு தட்டியது. அந்தக் காலமாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போயிருப்பார்கள். ஜோசியரே உதட்டைப் பிதுக்கி, "பாத்துப் பண்ணிக்கங்க" என்றுதான் கட்டத்தை மடித்துக் கொடுத்தார். ஆனால் தருணின் அம்மா மகுடேஸ்வரிக்கு முகமெல்லாம் பல். பதினோராம் பொருத்தம் பிரமாதமாக இருந்தது.

பதினோராம் பொருத்தம் ஜோசியர் பார்ப்பதல்ல, லேப்பில் பார்ப்பது. ஒரு பெண்ணின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து எவ்வளவு வேகமாக ரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன என்று ஒரு கணக்கு. அதற்கு வடிதிறன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்தாறு வருடங்களாகக் கொங்கு நாட்டுக் கல்யாணச் சந்தையில் பெண்ணின் நிறத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. கறுப்போ சிவப்போ, வடிதிறன் நன்றாக இருந்தால் அவள் மகாலட்சுமி. நகை கேட்பதுகூடக் குறைந்துபோயிருந்தது. பெண் பிறந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட அதே சனங்கள் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஜிலேபி கொடுத்தார்கள். மந்திரி ஒருவர் சட்டசபையில் எழுந்து, தலைமுறை தலைமுறையாகச் சீர்திருத்தக்காரர்களால் முடியாததை ஒரு சின்னக் கருவி சாதித்துவிட்டது என்று பெருமைப்பட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் கருவிக்குக் கம்பெனி வைத்த பெயர் உறவுவடி. ஊர் அதை 'இணைப்பு' என்றது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் இரண்டு குடும்பமும் இணைப்பு சென்டருக்குப் போனபோது, டாக்டர் ஜெசிந்தா ஒரு காகிதத்தில் கோடு போட்டு நிறைமதிக்கு விளக்கினார்.

"பழைய டயாலிசிஸ் யந்திரம் என்ன பண்ணிச்சு? நோயாளியோட ரத்தத்தை வெளிய எடுத்து, ஒரு சவ்வு ஓரமா ஓடவிட்டு, அழுக்கை மட்டும் உப்புத் தண்ணில எறக்கிச்சு. இதுல உப்புத் தண்ணிக்குப் பதிலா இன்னொரு மனுஷரோட ரத்தம். சவ்வுக்கு இந்தப் பக்கம் உங்க மாமனார் ரத்தம், அந்தப் பக்கம் உங்க ரத்தம். ரெண்டும் கலக்காது. அவரோட அழுக்கு மட்டும் தாண்டி உங்க பக்கம் வரும். உங்க கிட்னி அதை வெளிய தள்ளிடும். வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு காலைப் பொழுது. அவ்வளவுதான்."

"அழுக்கு மட்டுந்தான் தாண்டோணும்னு சவ்வுக்கு எப்படீங்க தெரியும்?" என்று கேட்டாள் நிறைமதி. அவள் பனியன் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். எந்த அளவுகோலை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டே பழகியவள்.

டாக்டர் பேனாவை மூடினார். "தெரியாது. சவ்வுல ஓட்டை இருக்கு. சின்னது போகும், பெருசு நிக்கும். நல்லது கெட்டது அதுக்குத் தெரியாது."

"கொஞ்சம் வெளையாட்டாப் பேசும் புள்ள" என்று மகுடேஸ்வரி நடுவில் புகுந்து சிரித்தாள். நிறைமதியின் அப்பா மகளை முறைத்தார்.

சட்டம் கடுமையாகத்தான் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு யாரும் இணைப்பில் உட்காரக்கூடாது. ரத்த உறவு அல்லது திருமண உறவு மட்டும்தான். சட்டம் எழுதியவர்கள் தியாகத்தை மனதில் வைத்து எழுதினார்கள். ஊர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டது. இனி யந்திரம் எதற்கு என்று ஆஸ்பத்திரிகள் டயாலிசிஸ் பிரிவுகளை ஒவ்வொன்றாக மூடின. யந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின.

நிறைமதியை யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பெண்கள் செய்வதுதானே என்று அவளும் தலையாட்டினாள். அவள் பிறந்த வீட்டிலேயே அவளுடைய அண்ணி, நிறைமதியின் அம்மாவோடு இணைப்பில் உட்கார்கிறாள். அண்ணியைப் பெண் பார்க்கப் போன அன்று லேப் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்து, "சூப்பரா இருக்குதுப்பா" என்று சொன்னவளே நிறைமதிதான்.

செவ்வாயும் சனியும் இணைப்பு நாள். காலைப் பலகாரம் ஆனதும் கூடத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகளை அருகருகே போட்டு, நடுவில் டிபன் கேரியர் உயரத்தில் இருக்கும் கருவியை வைப்பார்கள். அவள் இடது கையிலிருந்து ஒரு குழாய், மாமனார் சென்னியப்பனின் வலது கையிலிருந்து ஒரு குழாய். முதல் சில வாரங்கள் அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். மருமகளோடு சரிசமமாகப் படுத்திருப்பதே அவருக்கு ஆகவில்லை.

"என்னால உனக்குத் தொந்தரவு அம்மிணி" என்பார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா."

"டிவில எனத்த வேணும்னாலும் வெச்சுக்க. எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம்."

அவளுக்காகச் சமையல் நிகழ்ச்சி பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் சென்னியப்பனுக்கே முட்டையில்லாத கேக் செய்யத் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் சாயப்பட்டறை வைத்திருந்தவர். பட்டறைக்குப் பின்னால் கழிவு நீரைச் சுத்தம் செய்யப் பெரிய வடிப்பு நிலையம் ஒன்று கட்டியிருந்தார். அதிகாரி வரும் நாளில் மட்டும் ஓடும். மற்ற நாட்களில் சாயத்தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போய்விடும். அவர் மட்டுமல்ல, அந்த வரிசையில் இருந்த எல்லாப் பட்டறையும் அப்படித்தான். பிறகு பட்டறைக்காரர்களுக்கும், பட்டறையில் வேலை செய்தவர்களுக்கும், ஆற்றோரத்தில் கிணறு வைத்திருந்தவர்களுக்கும் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் போனது. காரணம் என்னவென்று ஆராய மூன்று கமிட்டிகள் போட்டார்கள். மூன்றும், மேலும் ஆராய வேண்டும் என்று கண்டுபிடித்தன. ஒரு சனிக்கிழமை இணைப்பில் படுத்திருக்கும்போது சென்னியப்பனே அந்தப் பேச்சை எடுத்தார்.

"கரண்டு மிச்சம் பண்ணுனேன் அம்மிணி" என்றார்.

மகுடேஸ்வரி நிறைமதியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொள்வது என்றால் இப்படி: ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, கருவாடு கூடவே கூடாது, வெயிலில் போகக்கூடாது, காய்ச்சல் என்றால் மாத்திரை போடக்கூடாது. வேலையையும் விடச் சொன்னாள், விட்டாயிற்று. சிறுநீரக நோயாளி இருக்க வேண்டிய பத்தியமெல்லாம் மருமகள் இருந்தாள். நோயாளி ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிட்டார். அவர் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் கூடுதலாகத் தொட்டுக்கொண்டால் செவ்வாய்க்கிழமை மாலை இவளுக்குக் கால் வீங்கியது. அதைச் சொன்னால், "நம்ம மாமாதான கண்ணு சாப்புட்டாரு, ஆரோ எவரோவா?" என்பாள் மகுடேஸ்வரி.

தருண் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. அவன் தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவுக்கு ஒரு குறை வைக்காமல் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டவன் அல்லவா.

அடுத்த வருடம் நிறைமதி உண்டானாள். அவளைவிட மாமியாருக்குத்தான் தலைகால் புரியவில்லை.

"உண்டானவளுக்கு வடிதிறன் ஒண்ணரை மடங்கு ஏறுமாம்! கம்பெனிக்காரனே போட்டிருக்கறான். பொறக்கறதுக்கு மின்னாலயே தாத்தனைப் பாத்துக்குது பாரு எம்பேரன்!"

டாக்டர் ஜெசிந்தாவும் தடை சொல்லவில்லை. ஏழாம் மாதம் வரை இணைப்பில் உட்காரலாம், மாதா மாதம் ரத்தப் பரிசோதனை செய்தால் போதும் என்பது விதி. அவர்கள் சொன்ன மாதிரியே சென்னியப்பன் தேறினார். முகத்தில் கருமை போய்விட்டது. தெருக்கோடி டீக்கடை வரை நடந்து போய் வந்தார். பழைய பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுச் சீட்டாடினார். எல்லோரும் குழந்தையின் ராசி என்றார்கள். அவர் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

நிறைமதி தேய்ந்துகொண்டே வந்தாள். வயிற்றைப் பிடித்து முறுக்கியது. வாயில் எப்போதும் சில்லறைக் காசை வைத்துக்கொண்டிருப்பது போல் ஒரு ருசி. தோசைக் கரண்டியைப் பிடித்தால் மணிக்கட்டு தொங்கியது. மசக்கை என்றாள் மகுடேஸ்வரி. ஐந்தாம் மாதத்தில் என்ன மசக்கை என்று நிறைமதிக்குத் தோன்றியது, ஆனால் அவளுக்கு இதுதான் முதல் பிள்ளை. அந்த மாத ரத்தப் பரிசோதனை முடிந்த மறுநாள் டாக்டர் அவளை மட்டும் தனியாக வரச் சொன்னார்.

"உங்க ரத்தத்துல ஈயம் இருக்கு" என்றார்.

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசறதுங்களா?"

"அதேதான். வீட்டுல பழைய பெயிண்ட் சுரண்டுனீங்களா? நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"எங்க அத்தை குடுக்கற கஞ்சியத் தவர வேற எதையும் நான் வாயிலயே வெக்கறதில்லீங்க."

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு, "உங்க மாமனார்?" என்று கேட்டார்.

நிறைமதிக்கு அவருடைய மீசைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கை தன்னால் வயிற்றுக்குப் போனது.

"கொழந்தைக்குப் போகாதுங்களே டாக்டர்? நஞ்சுக்கொடி எல்லாத்தையும் வடிகட்டிருமுன்னு படிச்சிருக்கறனே."

"நிறைய வடிகட்டும். ஒடம்பு முழுக்க வடிகட்டிதாம்மா. மூக்குல முடி இருக்கு, கல்லீரல் இருக்கு, மூளைக்குன்னு தனியா ஒரு காவல் இருக்கு. பிச்சாவரத்துல அலையாத்தி மரத்துக்குக்கூட வேர்லயே ஒரு வடிகட்டி, உப்பை வெளிய நிறுத்திட்டுத் தண்ணியை மட்டும் குடிக்குது. ஆனா இதெல்லாம் காலங்காலமாப் பார்த்துப் பழகின எதிரிக்காக உண்டானது. ஈயம் சுண்ணாம்புச் சத்து மாதிரியே வேஷம் போட்டுட்டு வரும். நஞ்சுக்கொடி அதை நல்லதுன்னு நெனைச்சு, அதுவே கையைப் பிடிச்சுக் குழந்தைகிட்ட கூட்டிட்டுப் போயிடும்."

"போனா?"

"மூளையைப் பாதிக்கும்." டாக்டர் அதை வேகமாகச் சொல்லி முடித்தார். "இப்ப இருக்கற அளவுக்கு பயப்பட வேண்டாம். இன்னிக்கு நிறுத்தினா குழந்தை தப்பிச்சிடும். இனி ஒரு தடவைகூட நீங்க அவரோட இணைப்புல உக்காரக்கூடாது."

"அவரு அந்த மருந்த நிறுத்திப்போட்டாருன்னா?"

"எலும்புல ஏறியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ரத்தத்துக்கு எறங்கும். ஒரு வருஷமாவது ஆகும். இதை நான் பதிஞ்சாகணும். பதிஞ்சா இந்த சென்டர்ல அவரை யாரோடயும் இணைக்க மாட்டோம்."

"அதுவரைக்கும் அவரு எப்படீங்க இருப்பாரு?"

"சென்னையில சில பழைய யந்திரங்கள் இன்னும் ஓடுது. பேர் குடுத்துட்டுக் காத்திருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் சொன்ன விதத்திலேயே அந்த வரிசையில் நிற்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நிறைமதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, என்ன மருந்து சாப்புடறீங்க?"

சென்னியப்பன் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் விழித்தார். பிறகு, ஒரு பெருமையோடே, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெளிறிய பொடி. பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாதத்துக்கு இருமுறை வந்து உட்காரும் ஒரு ஆள் கொடுத்தது. மருத்துவம் படித்தவனும் அல்ல, சித்த வைத்தியப் பரம்பரையில் வந்தவனும் அல்ல. பத்து வியாதிகளின் பெயரைத் தட்டியில் எழுதி மாட்டியிருப்பவன். பஸ்பம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"பட்டுப்போன கிட்னி துளுக்கும்னான் அம்மிணி. மெய்யாலுமே துளுத்துது! ரெண்டு மாசத்துல என்னைய நீயே பாத்தியல்லோ? நடக்கறேன், திங்கறேன், தூங்கறேன். பொம்பளைப் புள்ள ரத்தத்துல எத்தனை நாளைக்கு ஒட்டிட்டுக் கெடக்கறது? உனக்குக் கொழந்தை பொறக்கறதுக்குள்ள உன்னைய இதுலருந்து எறக்கி விட்ரோணும்னுதான்…"

"அது ஈயங்க மாமா" என்றாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகுலீன்னா, அதையெல்லாம் நான் வாங்கிக்கிட்டேன்னு அர்த்தம். நானும் எங்கொழந்தையும்."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பொட்டலம் கையிலிருந்து விழுந்து தரையில் கொட்டியது. மகுடேஸ்வரி உள்ளேயிருந்து ஓடி வந்தவள், மருமகளின் முகத்தையும் புருஷனின் முகத்தையும் பார்த்துவிட்டு, முதலில் துடைப்பத்தை எடுத்து வந்து அதைக் கூட்டினாள்.

அன்று சாயங்காலமே நிறைமதியின் அப்பாவுக்கு ஆள் போனது. அவர் வந்தார். தருண் வந்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் தருணின் தம்பி நிதிலன் போனில் இருந்தான். நிறைமதி ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்: இனி நான் உட்கார மாட்டேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். எல்லோரும் அவள் பக்கம் இருப்பது போலவே பேசினார்கள்.

"வேண்டாங் கண்ணு, நீ உக்காரவே வேண்டாம்" என்றாள் மகுடேஸ்வரி. "ஆனா மாமா?"

"அப்பா பாவம்ல" என்றான் தருண்.

"நீங்க உக்காருங்க. உங்களுக்கும் ரெண்டு கிட்னி இருக்குதல்ல?" என்றாள் நிறைமதி.

தருண் அடிபட்டவன் போல் அம்மாவைப் பார்த்தான். பிறகு ரோஷம் வந்து உட்காரவும் செய்தான். டாக்டர் ஜெசிந்தாவின் சென்டரில் பதிந்துவிட்டதால் பக்கத்து ஊரில் வேறொரு கம்பெனியின் சென்டருக்குப் போனார்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக ஒரு சென்டரின் ரிப்போர்ட்டை இன்னொரு சென்டர் கேட்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. அது எவ்வளவு வசதி என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, தருண் அப்பாவோடு படுத்திருந்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுக்கவும், காலைப் பிடித்துவிடவும், ஆபீசுக்கு லீவு சொல்லவும் வீடே ஆலாய்ப் பறந்தது. நிறைமதி ஒரு வருடத்துக்கு மேலாக எழுந்த கையோடு பாத்திரம் கழுவப் போன அதே இணைப்புதான்.

"எனக்கு ஒத்துக்கல" என்றான் தருண். "சம்பாதிக்கற ஒடம்பு. நானும் படுத்துட்டா குடும்பம் என்னாகறது?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகுடேஸ்வரிக்குச் சர்க்கரை வியாதி. அவளைக் கணக்கிலேயே எடுக்க முடியாது. நிதிலனை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவே இல்லை.

நிறைமதி தன் அப்பாவைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். "என்னைய நம்மூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. கொழந்தை பொறக்கற வரைக்கும்."

அவர் வேலியைப் பார்த்தார். அவர் பேசத் தொடங்கியபோது குரல் கெஞ்சியது.

"கூட்டிட்டுப் போறதுக்கு என்ன சாமி, உன்ற ஊடுதான் அது. ஆனா நீ நிறுத்திப்போட்டு வந்துட்டேன்னு தெரிஞ்சுதுன்னா, உங்கண்ணியும் நிறுத்திருவா. அவளும் வாயத் தொறக்காம எத்தனையோ வெச்சுட்டிருக்கறா. அப்பறம் உங்கம்மா?"

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. அழுகைதான் வந்திருக்க வேண்டும், ஆனால் சிரிப்புதான் வந்தது. அவளே படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அண்ணி. அப்பா அன்று கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அடுத்த முறை வரும்போது மாதுளம்பழம் வாங்கி வருவதாகச் சொன்னார்.

சென்னியப்பனின் முகம் மறுபடி கறுத்தது. கால் வீங்கி விரல்கள் மினுமினுத்தன. படுத்தால் மூச்சு முட்டுவதால் இரவும் பகலும் உட்கார்ந்தே இருந்தார். மருமகள் அறைக்குள் வந்தால் முகத்தை மூடிக்கொண்டார். ஒருமுறை மட்டும், அவள் தண்ணீர் கொண்டு போனபோது, "நீ உக்காராத அம்மிணி. ஆரு சொன்னாலும் உக்காராத" என்றார். அவர் மட்டும்தான் அதை நிஜமாகச் சொன்னார். அதற்காகவே அவள் அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மகுடேஸ்வரி அழுதுகொண்டிருக்கிற ரகம் அல்ல. நிதிலனுக்குப் பெண் பார்த்தாள். பெரியவர் கண்ணை மூடுவதற்குள் சின்னவன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றால் யார் தப்பாக நினைப்பார்கள்? இப்போதெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீசில் அவசரக் கல்யாணத்துக்கென்றே தனி ஜன்னல் இருந்தது. தரகர் அன்றைக்கே நாலு ரிப்போர்ட்டை அனுப்பினார். அதில் ஒரு பெண்ணின் வடிதிறனைப் பார்த்து மகுடேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். பெண் பெயர் தாரகை. வேறு எந்தப் பொருத்தமும் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை பொண்ணும் அவிங்கம்மாவும் ஊடு பாக்க வராங்க" என்று நிறைமதியிடம் சொன்னாள். "இது முடிஞ்சா உனக்கு விடுதலை. கொழந்தையப் பெத்துட்டு நிம்மதியா இரு. முடியலீன்னா…" அவள் மருமகளின் தலையைக் கோதிவிட்டாள். "செவ்வாக்கெழமை நீதான் உக்காரோணும் கண்ணு. வேற வழி? மனுசனைச் சாக விட முடியுமா? ஒருக்கா உக்காந்தா ஒண்ணும் ஆகிறாது."

தருண் பக்கத்தில்தான் நின்றான். செல்போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் நிறைமதி அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். மருந்து, ஈயம், டாக்டர் சொன்னது, சென்டர் மாற்றியது எல்லாம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்தப் பெண் எழுந்து போய்விடும். போனால் செவ்வாய்க்கிழமை வரும். இரவில் புரண்டு படுத்து, காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வாள். பல் தேய்க்கும்போது அந்த முடிவு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை தாரகையும் அவள் அம்மாவும் வந்தார்கள். தாரகைக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். நெட்டையான, சுறுசுறுப்பான பெண். வந்ததும் வராததுமாக, "நான் ஒத்தாசை பண்றனுங்க அக்கா" என்று சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். கேசரியைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

இதோ கேட்டுவிட்டது. நிறைமதி சொல்லித் தொடங்கக்கூட வேண்டியதில்லை, அந்தப் பெண்ணே வாசலைத் திறந்து வைத்துவிட்டது. நிறைமதி கேஸ் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"மாசமா இருக்கறனல்ல? அதான்."

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"டாக்டரே வேண்டாம்னு சொல்லீட்டாங்க."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. தாரகை மூச்சை விட்டாள். "எனக்கு பயமா இருந்துச்சுங்க. எங்க ஃபிரண்டு ஒருத்தி ஏதேதோ சொல்லி பயமுறுத்திப் போட்டா. உங்களையப் பாத்ததும் போயிருச்சு. நீங்க நல்லாத்தான இருக்கறீங்க." தட்டை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு நடந்தாள். நிறைமதி காபி டம்ளர்களோடு பின்னால் போனாள். இன்னும் நேரம் இருக்கிறது, போகும்போது தெருவரை கூடப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சென்னியப்பனைக் கூடத்தில் தலையணை அணைத்து உட்கார வைத்திருந்தார்கள். வீங்கிய காலை வேட்டியால் மூடியிருந்தார்கள். தாரகை தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுத்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"சாமி" என்றார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அம்மா, நீங்களும் கேளுங்க. நான் ஒரு மருந்து…"

மகுடேஸ்வரி உறைந்து போனாள். தருண் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"மாமா" என்றாள் நிறைமதி.

டம்ளர்களை வைத்துவிட்டு அவரருகில் போய் மண்டியிட்டாள். தன் முந்தானையால் அவர் உதட்டோரத்தைத் துடைத்தாள். கை உதட்டிலேயே நின்றது.

"பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாங்கல்ல? மூச்சு வாங்குது பாருங்க." பிறகு தாரகையின் அம்மாவிடம் திரும்பினாள். அவள் குரல் ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்தது. "மாத்தர சாப்புட்டா இப்படித்தானுங்க. என்னென்னமோ பேசுவாரு. நீங்க காபி எடுத்துக்கங்க, ஆறீரும்."

சென்னியப்பன் மருமகளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. அவள் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்திலிருந்து வடிந்ததை அவள் துடைக்கவில்லை.

தாரகையின் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"பாத்துக்க புள்ள. மாமனாரு ஒரு வார்த்தை பேசறதுக்குக்கூட விடாம எப்படித் தாங்கறாங்கன்னு. இந்த மாதிரி ஊடு நமக்கு வாய்க்குமா?"

மகுடேஸ்வரி காலண்டரை எடுத்து வரச் சொன்னாள். நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விடலாம் என்று தாரகையின் அம்மா சொன்னாள். நிறைமதி காலி டம்ளர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.